கதவை அடைத்தவர் யார்?

2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் நடுப்பகுதியில் இரண்டு இரவுகள் எமது வீட்டில் எவரும் கண்ணயரவில்லை. ஜேர்மனியின் றூர்ப் பிரதேசத்திலே, நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுப்போன தொழில் நகரொன்றில், நாலாம் மாடியில் நாம் குடியிருக்கின்றோம். எமது தமக்கையாரின் மகள் அமெரிக்காவில், மிசூரி ஆற்றையொட்டிய சிறு பட்டினமொன்றில் பாடசாலை ஆசிரியையாகத் தொழில் பார்க்கின்றாள். அந்த மார்ச்சிலே பனி உருகிய நீரும் பெருமழையும் ஒன்றுசேர, நெப்ராஸ்கா, அயோவா மாநிலங்களில் ஆறுகள் கரைகடந்து பாய்ந்தன. 14ஆந் தேதி நயோபிராரா ஆற்றின் குறுக்கே இருந்த ஸ்பென்ஸர் அணை உடைந்தது. ஜேர்மன் தொலைக்காட்சி அவ் வெள்ளத்தைச் சிறிது நேரம் காட்டிவிட்டு உதைபந்தாட்டச் செய்திக்குச் சென்றுவிட்டது. நாம் மருமகளின் தொலைபேசிக்கு அழைத்தோம். மணி அடித்துக்கொண்டேயிருந்தது, எடுப்பார் இல்லை.

அப் பட்டினத்துக்கென்று நாளிதழொன்று உண்டு. எந்த வீதி மூடப்பட்டது, எந்தப் பாலம் இன்னும் நிற்கின்றது, வீடிழந்தோர் எங்கே தங்கவைக்கப்பட்டனர் என்பனவற்றையெல்லாம் அறியத் தரக்கூடியது அப் பத்திரிகை ஒன்றே. பெரிய பத்திரிகைகள் வெள்ளத்தின் பரப்பைச் சொல்லும். ஒரு தெருவின் பெயரைச் சொல்வது ஊர்ப் பத்திரிகைதான். அதன் இணையத்தளத்தை நாம் திறந்தோம். வெள்ளைத் திரையிலே மூன்று நான்கு வரிகள் மாத்திரம் தோன்றின. நாம் ஐரோப்பியப் பொருளாதார வலயத்திலிருந்து வருவதாகவும், அங்கே பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி நடைமுறையில் இருப்பதாகவும், ஆகையால் இப்போதைக்கு எம்மை அனுமதிக்க இயலாதென்றும் அவ் வரிகள் மிக மரியாதையாகக் கூறின. அவற்றின் தலைப்பில் 451 என்ற இலக்கம் இருந்தது.

அவ் வரிகள் எமக்குப் புதியன அல்ல. 2018 மே 25ஆந் தேதி அச் சட்டம் அமுலுக்கு வந்த நாள் தொட்டு அப் பத்திரிகை எமக்கு அடைபட்டே கிடந்தது. அதற்கு முன் பல ஆண்டுகளாக அதனை நாம் நாள்தோறும் வாசித்து வந்தோம். அவ்வூரை நாம் கண்ணாற் கண்டதில்லை. ஆயினும் அங்கே பாடசாலைக் குழுவுக்கு யார் தெரிவானார், பனி விழுந்து எத்தனை நாள் பள்ளி மூடப்பட்டது, ஆசிரியர் சம்பளம் பற்றிய வழக்கு எந்த நிலையில் நின்றது என்பதெல்லாம் எமக்குத் தெரியும். உறவினர் வாழும் ஊரைப் பத்திரிகை வழியாக அறிந்துகொள்வது, நாடு விட்டு நாடு வந்தோருக்கு ஒரு பழக்கமாகிவிடுகின்றது. அது அடைபட்டபோது எமக்கு எரிச்சல் உண்டாயிற்று, பின்னர் மறந்துபோனோம். அவ் வெள்ள இரவிலேதான் அடைபட்டது என்னவென்பது எமக்கு உறைத்தது.

கணினி அறிந்தோர் இதற்கொரு சுற்றுவழி உண்டென்பர். வி.பி.என். எனப்படும் உபாயத்தினால், நாம் வேறொரு நாட்டிலிருந்து வருவது போலக் காட்டிக்கொண்டு உள்ளே புகலாம். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் இலங்கை அரசு சமூக வலைத்தளங்களைத் தடைசெய்தபோது எமது நாட்டு இளைஞர் பலர் அவ் வழியாற் சென்றனர். ஆனால் அவ் இரவில் அறுபதைத் தாண்டிய எமக்கு அந்த வித்தை தெரியாது. தெரிந்திருந்தாலுங்கூட, ஒரு பொய் முகவரியைச் சொல்லித்தான் வெள்ளச் செய்தியை வாசிக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

மூன்றாம் நாட் காலையில் மருமகளே அழைத்தாள். அவளது பாடசாலை மண்டபம் அகதிகள் தங்குமிடமாக மாற்றப்பட்டிருந்தது. அங்கேயே இரு நாட்களும் சோறும் போர்வையும் பகிர்ந்துகொண்டு நின்றிருக்கின்றாள். கைத்தொலைபேசி வீட்டிலே கிடந்திருக்கின்றது. "மாமா, எங்கட பள்ளிக்கூடம்தான் தங்குமிடம் எண்டு பேப்பரில முதற் பக்கத்திலேயே போட்டவை. நீங்கள் பார்க்கேல்லையே?" என்று கேட்டாள். எமக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அவ் வாரச் சனிக்கிழமை, நாம் தமிழ் கற்பிக்கும் பாடசாலையிலே, மேல் வகுப்பு மாணவரிடம் இக் கதையைக் கூறினோம். கூறியதோடு நில்லாது, ஐரோப்பியச் சட்டத்தை வாயாரத் திட்டினோம். பிரசெல்சிலே குளிரூட்டிய அறையில் அமர்ந்திருப்போர் மக்களின் அந்தரங்கத்தைக் காப்பதாகச் சொல்லி மக்களின் கண்ணைக் கட்டிவிட்டனர் என்றோம். பதினேழு வயது மாணவி ஒருத்தி எழுந்தாள். இந் நாட்டிலே பிறந்து வளர்ந்தவள். தமிழை யோசித்து யோசித்துப் பேசுபவள்.

"சேர், சட்டம் கதவைப் பூட்டச் சொல்லேல்லை. கேக்காமல் ஆக்களை உளவு பாக்காதே எண்டுதான் சொன்னது. பூட்டினது பேப்பர்க்காரர்."

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துச் சமாளித்தோம். ஆனால் அவள் விடவில்லை. தனது ஜேர்மன் பாடசாலையில் 1983ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றைப் பற்றித் தான் கட்டுரை எழுதுவதாகச் சொன்னாள். அவ் வருடத்தில் மேற்கு ஜேர்மனியின் அரசு குடிசன மதிப்பீடொன்றை நடத்த முயன்றது. மக்கள் எதிர்த்தனர். வழக்கு கார்ல்ஸ்றூவிலுள்ள அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குச் சென்றது. டிசம்பர் 15ஆந் தேதி அந் நீதிமன்றம், தன்னைப் பற்றிய தகவல் எங்கே செல்லவேண்டும், எதற்குப் பயன்படவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொரு மனிதருக்கும் உண்டெனத் தீர்ப்பளித்தது. இன்றைய ஐரோப்பியச் சட்டத்தின் வேர்களில் ஒன்று அத் தீர்ப்பு. அதற்கு முன்னரே, 1970இல், உலகின் முதலாவது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியதும் ஜேர்மனியின் ஹெசன் மாநிலந்தான்.

இந் நாட்டு மக்கள் ஒரு குடிசனக் கணக்குக்கு அத்துணை அஞ்சியது ஏன்? மாணவியே விடை கூறினாள். 1939ஆம் ஆண்டு மே மாதத்தில் நாஜி அரசு எடுத்த குடிசன மதிப்பீட்டிலே, ஒவ்வொருவரின் பாட்டன் பாட்டியர் யூதரா என்று கேட்டு எழுதிக்கொண்டனர். அக் காலத்திலே துளையிட்ட அட்டைகளை எண்ணும் இயந்திரங்கள் ஏற்கெனவே வந்திருந்தன. எண்ணப்பட்ட மனிதருக்குப் பின்னர் நேர்ந்ததை உலகம் அறியும்.

அவள் அமர்ந்துவிட்டாள். எமக்கோ 1983 என்ற இலக்கம் வேறோர் இடத்திலே போய்க் குத்தியது.

அவ் வருடம் யூலை மாதத்தின் கடைசி வாரத்தில் நாம் கொழும்பிலே வெள்ளவத்தையில் வாடகை வீடொன்றில் இருந்தோம். தெருவிலே வந்த கும்பல் எல்லா வீடுகளையும் உடைக்கவில்லை. தலைவன்போல் நின்றவன் கையிலே சில தாள்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துப் பார்த்து வீட்டிலக்கத்தைச் சொன்னான். மற்றவர்கள் அவ் வீட்டுக்குள்ளே புகுந்தனர். அத் தாள்கள் வாக்காளர் இடாப்பின் பிரதிகள். கொழும்பின் பல பகுதிகளிலும் அந் நாட்களில் இவ்வாறே நடந்தது என்பது இன்று வரலாறு. எமது தெருவிலே சிங்களக் குடும்பமொன்று எம்மைத் தமது பின்னறையிலே மறைத்துவைத்து உயிர் காத்தது. அந்த அறையின் யன்னல் வழியாக, எமது பெயரை ஒருவன் பிழையாக எழுத்துக்கூட்டி வாசிப்பதை நாம் கேட்டோம்.

வாக்குச் சீட்டுப் பெறுவதற்காக நாமே விரும்பிப் பதிந்த பெயர் அது. சனநாயகத்தின் ஏடு என்று நாம் பெருமையோடு கையொப்பமிட்ட இடாப்பு அது. ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த தகவல் இன்னொரு நோக்கத்துக்குக் கைமாறினால் என்ன நேரும் என்பதை எமது உடம்பே அறிந்திருந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, அதே அறிவைச் சட்டமாக்கிய நாட்டிலே தஞ்சம் பெற்று வாழ்ந்துகொண்டு, ஒரு பத்திரிகை வாசிக்க முடியவில்லை என்பதற்காக அச் சட்டத்தைப் பிள்ளைகள் முன்னிலையிற் சபித்தோமே! அன்று வீடு திரும்பும் வழியில் எமக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கம் மாத்திரம் போதாது. ஆசிரியத் தொழில் செய்தவர்கள் ஒரு விடயத்தைப் பிழையாகச் சொல்லிவிட்டால் அதைப் படித்துத் திருத்திச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். நாம் அச் சட்டத்தை எடுத்து வாசித்தோம்.

அது 2016 ஏப்ரலில் நிறைவேற்றப்பட்டது. அமுலுக்கு வருமுன் இரண்டு ஆண்டுகள் அவகாசம் கொடுக்கப்பட்டது. அது வெளிநாட்டுப் பத்திரிகைகளை வாசிக்கக்கூடாதென்று எங்கும் கூறவில்லை. ஐரோப்பியர் ஒருவரின் கணினியிலே ஒரு தளம் திறக்கக்கூடியதாக இருப்பது மாத்திரம் அத் தளத்தை இச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துவிடாதென்றும் அதன் முன்னுரையிலே தெளிவாக இருக்கின்றது. ஒன்றியத்திலுள்ளோருக்கெனப் பொருளோ சேவையோ வழங்கினால், அல்லது அவர்களின் நடத்தையைக் கண்காணித்தால், வெளிநாட்டு நிறுவனமும் சட்டத்துக்குக் கட்டுப்படவேண்டும். கட்டுப்படாவிடின் இரண்டு கோடி யூரோ, அல்லது உலகளாவிய வருடாந்த விற்றுமுதலில் 4 சதவீதம், இவற்றுள் எது கூடியதோ அதுவரை தண்டம் விதிக்கலாம். பத்திரிகைத் தொழிலின் கருத்துச் சுதந்திரத்தை அந்தரங்க உரிமையோடு இணக்கப்படுத்த வேண்டுமென அங்கத்துவ நாடுகளுக்கு 85ஆம் உறுப்புரை தனியே கட்டளையிடுகின்றது.

ஆகவே, மிசூரி ஆற்றங்கரைச் சிறு பத்திரிகையொன்று சட்டத்துக்கு அஞ்சவேண்டி வந்தது, செய்தி வெளியிட்டதற்காக அன்று, வாசகரைக் கண்காணித்ததற்காக. செய்தித் தளமொன்றை நாம் திறக்கும் கணத்திலே, நாம் அறியாத பல கொம்பனிகளுக்கு அறிவித்தல் பறக்கின்றது. எந்த ஊர், எந்தக் கருவி, முன்னர் எவற்றையெல்லாம் வாசித்தார் என்ற விபரங்கள் ஏலத்துக்கு விடப்படுகின்றன. எமது கண் முதல் வரியைத் தொடுமுன்னர், எமக்குக் காட்டவேண்டிய விளம்பரத்தின் விலை தீர்ந்துவிடுகின்றது. பத்திரிகையை நாம் வாசிப்பதாக எண்ணிக்கொண்டிருக்கின்றோம். எம்மை வாசித்து விற்கும் சந்தையொன்று அதன் பின்னாலே நடக்கின்றது. இலவசம் என்று நாம் மகிழ்ந்த செய்தியின் விலை எமது வாழ்க்கையின் விபரங்களே.

இச் சந்தையை நிறுத்திவிடு என்றுகூடச் சட்டம் கேட்கவில்லை. வாசகரின் சம்மதத்தைக் கேள் என்றுதான் கேட்டது. இக் கேள்விக்கு அமெரிக்கப் பத்திரிகை முதலாளிகள் அளித்த மறுமொழிகள் பல்வேறு வகையின. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் உண்மை தானாக வெளிவரும்.

லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ், சிக்காகோ ட்ரிபியூன் போன்ற பெரும் பத்திரிகைகள் மே 25ஆந் தேதியே ஐரோப்பாவுக்குக் கதவடைத்தன. சட்டம் வந்து இரண்டு மாதங்களுக்குப் பின்னரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கச் செய்தித் தளங்கள் அடைபட்டிருந்தன. அவற்றுட் சில பின்னர் திறந்தன. வேறு சில, எமது மருமகளின் ஊர்ப் பத்திரிகையைப் போல, திறக்கவேயில்லை. வாஷிங்டன் போஸ்ட் வேறொரு வழியை நாடியது. சாதாரணச் சந்தா ஆண்டுக்கு 60 டொலர். விளம்பரமும் வேவும் இல்லாத ஐரோப்பியச் சந்தாவுக்கு 90 டொலர் என்றது. வேவு பாராதிருப்பதற்கு ஒரு விலைச்சீட்டு! யூ.எஸ்.ஏ. டுடே பத்திரிகையோ வேவுக் கருவிகளைக் கழற்றிவிட்டு, வெறுஞ் செய்தியை மாத்திரம் ஐரோப்பியருக்குக் கொடுத்தது. அளந்து பார்த்தோர் வியந்தனர்: அமெரிக்கருக்குப் போகும் முதற் பக்கம் ஐந்து மெகாபைட்டுக்கு மேல், ஐரோப்பியருக்கு வந்ததோ அரை மெகாபைட். பத்துப் பங்கில் ஒன்றுதான் பத்திரிகை; மிகுதி பெரும்பாலும் விளம்பரத்தின் சுமை. நியூயோர்க் டைம்ஸ் ஐரோப்பாவில் ஆளைப் பின்தொடரும் விளம்பர ஏலத்தை நிறுத்தியது. அதனால் அதன் விளம்பர வருமானம் வீழ்ந்துவிடவில்லை என்று 2019இன் தொடக்கத்திலே செய்தி வந்தது.

சட்டம் ஒன்றே, பத்திரிகைகளின் மறுமொழிகள் நாலு விதம். அப்படியாயின் கதவை அடைத்தது சட்டமாக இருக்க முடியாது. கணக்குப் புத்தகமே அடைத்தது. நெப்ராஸ்கா மளிகைக் கடையின் விளம்பரத்தைப் பார்த்து றூர்ப் பிரதேசத்துத் தமிழன் ஒருவன் அங்கே சென்று மாவும் சீனியும் வாங்கப்போவதில்லை. அவனால் வருமானமில்லை, அவன் பொருட்டுத் தளத்தைத் திருத்தினால் செலவுண்டு, திருத்தாவிடின் தண்டம் வரலாம். ஆகவே பூட்டிவிடு. ஊர்ப் பத்திரிகைகள் பலவும் இன்று பெருங் கொம்பனிகளின் சொத்து. அங்கே இத்தகைய தீர்மானத்தை எடுப்பவர் அவ்வூர் ஆசிரியர்கூட அல்லர். எங்கோ ஒரு நகரில் இருக்கும் கணக்காளர்.

451 என்ற அந்த இலக்கத்தின் கதையையும் இங்கு சொல்லவேண்டும். அரசாங்கங்கள் இணையத்தளங்களை ஓசையின்றித் தடைசெய்யும் வழக்கம் பெருகியபோது, தடையை மறைக்காமல் வாசகருக்கு அறிவிக்கும் இலக்கமொன்று வேண்டுமென டிம் பிறே என்ற கணினி அறிஞர் 2012இல் முன்மொழிந்தார். நூல்களை எரிக்கும் எதேச்சாதிகாரச் சமுதாயத்தைச் சித்திரித்து றே பிறட்பரி 1953இல் வெளியிட்ட நாவலின் பெயரிலே 451 வருகின்றது. அந் நினைவாகவே அவ் இலக்கம் தெரியப்பட்டது. 2016இல் இணைய நியமமாகவும் ஏற்கப்பட்டது. தணிக்கையை அம்பலப்படுத்துவதற்கென ஆக்கப்பட்ட இலக்கம் அது. எந்த அரசும் தடைவிதிக்காத, எந்த நீதிபதியும் கட்டளையிடாத ஓர் அடைப்புக்கு வணிகர் அதனைத் தலைப்பாக்கிக்கொண்டனர். தம் இலாபக் கணக்கைச் சட்டத்தின் மேலே ஏற்றி, வாசகரின் கோபத்தையும் சட்டத்தின் மேலேயே திருப்பிவிட்டனர். அவ் வலையில் நாமும் விழுந்தோம் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

இது ஒரு தடவை மாத்திரம் நிகழ்ந்த சங்கதியன்று. பத்திரிகைகளின் செய்திகளால் வருமானம் பெறும் பெருந் தளங்கள் அப் பத்திரிகைகளுக்கு ஒரு பங்கு கொடுக்கவேண்டுமெனக் கனடா 2023இல் சட்டமியற்றிற்று. உடனே மெட்டா நிறுவனம் அவ் ஆண்டு ஆகஸ்டிலே கனடா முழுவதும் தனது முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் செய்திகளை நிறுத்தியது. அதே மாதத்தில் காட்டுத் தீ நெருங்கி யெலோநைஃப் நகர மக்கள் அனைவரும் ஊரைவிட்டு வெளியேறவேண்டி வந்தது, செய்தி திறக்கப்படவில்லை. ஆட்சியாளர் வணிகருக்கு விதி விதித்தால், வணிகர் மக்களைப் பணயமாக வைக்கின்றனர். வெள்ளமானாலும் தீயானாலும் உத்தி ஒன்றே.

இவ்வாறு கூறுவதனாலே ஐரோப்பியச் சட்டம் குறையற்றதென்று நாம் சொல்ல வரவில்லை. அது மனிதரின் தகவலைக் காக்கின்றது. செய்தியைப் பெறும் அவரது உரிமைக்கு எவ்வித பொறுப்பும் ஏற்கவில்லை. சம்மதத்தைக் கேள் என்று அது சொன்னது; சம்மதியாதவரை வெளியே தள்ளாதே என்று போதிய உறுதியோடு சொல்லவில்லை. அதன் விளைவை ஐரோப்பாவுக்குள்ளேயே காண்கின்றோம். 2018இல் வியன்னாவின் டெர் ஸ்டாண்டார்ட் நாளிதழ், வேவுக்குச் சம்மதி, அன்றேல் சந்தா கட்டு என்று இரண்டு வாசல்களை வைத்தது. பின்னர் ஜேர்மன் பத்திரிகைகள் பலவும் அவ்வழியே சென்றன. பணமுள்ளவர் தம் அந்தரங்கத்தோடு வாசிக்கின்றனர். பணமில்லாதவர் தம்மைக் கொடுத்து வாசிக்கின்றனர். எமது அயலிலே இரவில் பண்டகசாலையிற் பெட்டி அடுக்கிவிட்டு விடிய வீடு திரும்பும் இளைஞர், களைத்த கண்ணோடு சம்மதம் என்ற பொத்தானை அழுத்துவதை நாம் பார்த்திருக்கின்றோம். வாடகைக்கும் ஊருக்கு அனுப்பும் பணத்துக்கும் நடுவே நாலைந்து பத்திரிகைகளுக்குச் சந்தா கட்ட அவரால் முடியுமா? அவர் அளித்தது சம்மதமா, சரணடைவா? உரிமை என்று சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டது, சந்தையிலே வசதியுள்ளோரின் சொகுசாக மாறிவிடுகின்றது.

இவ்விடத்திலே இலங்கை வாசகர் ஒருவர், இது எமக்கு எதற்கு என்று வினவலாம். கதவடைப்பை எம்மவர் அறிந்த விதம் வேறுதான். 2007 யூனில் தமிழ்நெற் தளம் இலங்கையில் முடக்கப்பட்டது. 2011 நவம்பரில் வேறு பல செய்தித் தளங்களும் முடக்கப்பட்டன. அவை அரசு அடைத்த கதவுகள். அடைத்தவர் யாரென்று சிறு பிள்ளைக்கும் தெரியும்; ஆகவே எதிர்த்துப் பேசவும் முடிந்தது. வணிகர் அடைக்கும் கதவு அவ்வாறன்று. அது மன்னிப்புக் கேட்கும், சட்டத்தைக் கைகாட்டும், யாரிடம் முறையிடுவதென்றே தெரியாது.

இலங்கையும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியிருக்கின்றது. ஐரோப்பியச் சட்டத்தின் சாயல் அதிலே பலமாக உண்டு. ஆனால் பத்திரிகைத் தொழிலுக்கு அதிலே வெளிப்படையான விலக்கு இல்லையென்ற கண்டனம் அப்போதே எழுந்தது. பிரதான பிரிவுகள் அமுலுக்கு வருவதும் பின்தள்ளப்பட்டது. இத்தகைய சட்டங்கள் பேசப்படும்போது இரண்டு குரல்கள் எழும். தரவுப் பாதுகாப்பு என்றாலே செய்தி அடைபடும், ஐரோப்பாவைப் பாருங்கள் என்று வணிகர் குரல் ஒன்று. அந்தரங்கத்தைக் காப்பதாகச் சொல்லி, ஊழலை எழுதும் பத்திரிகையாளரின் வாயை அடைக்க முயலும் அதிகாரத்தின் குரல் மற்றொன்று. முன்னையது எமது அனுபவத்தைத் திரித்துக் கூறுவது. பின்னையதைப் பற்றி எமது நாட்டவருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

வாக்காளர் இடாப்பு கொலைகாரர் கைக்குப் போன நாட்டிலே தரவுப் பாதுகாப்பைச் செல்வந்த நாடுகளின் ஆடம்பரம் என்று ஆசிரியர்களும் மாணவர்களும் ஒதுக்கிவிடலாகாது. இன்று பெயரும் வீட்டிலக்கமும் மாத்திரமா எழுதப்படுகின்றன? யாரோடு பேசினோம், எதை வாசித்தோம், எந்த ஊர்வலத்துக்கு எந்த வீதியாற் போனோம் என்பதெல்லாம் விளம்பரத்தின் பெயரால் சேர்க்கப்படுகின்றன. 1983இல் அக் கும்பலுக்குத் தாள்களைப் புரட்டவேண்டியிருந்தது. இன்று சேர்த்துவைத்திருக்கும் ஏடுகளைப் புரட்டக் கைகூட வேண்டியதில்லை. அதே வேளையில், வெள்ளம் எந்தத் தெருவரை வந்தது என்பதை அறியும் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டு அந்தரங்கத்தை மாத்திரம் காப்பதும் எமக்குப் போதாது. வேவில்லாத செய்தி எல்லோருக்கும் வேண்டும். அது நடக்கக்கூடியது என்பதற்கு அந்த அரை மெகாபைட் பக்கமே சான்று. செய்தியை நூலகம்போல, பாடசாலைபோல, பொதுச் சொத்தாகக் கருதும் சமுதாயம் அதற்கான செலவையும் பொதுவிலே ஏற்கவேண்டும். விளம்பரக்காரன் தலையில் அச் செலவைப் போட்டுவிட்டால், அவன் எமது தலையையே கேட்பான்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பிலே நாம் முதல் வாரம் சொன்னதைத் திருத்திச் சொன்னோம். யூலைக் கதையையும் அப்போதுதான் அப் பிள்ளைகளுக்கு முதன்முறையாகச் சொன்னோம். அம் மாணவி தன் கட்டுரையிலே அதனைச் சேர்க்கலாமா என்று கேட்டாள். சேர்க்கலாம், எமது பெயரை மாத்திரம் விட்டுவிடு என்றோம். அவள் உடனே, "சம்மதம் கேட்டுத்தானே சேர் எழுதுறன்" என்றாள். வகுப்பு மறுபடியும் சிரித்தது.

மூன்று கிழமைகளின் பின் தபாலிலே ஒரு பொதி வந்தது. மருமகள் அனுப்பியிருந்தாள்: வெள்ள வாரத்தின் பத்திரிகைகள், அச்சிட்ட தாளாகவே. ஓரங்கள் நனைந்து காய்ந்து சுருண்டிருந்தன. நாமும் மனைவியாரும் குசினி மேசையிலே அவற்றை விரித்துவைத்து, மூடிய வீதிகளின் பட்டியல் முதற்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தோம். முதற் பக்கத்தின் கீழ்ப்பகுதியிலே, தங்குமிடம் என்ற தலைப்பின் கீழ், அவளுடைய பாடசாலையின் பெயர் இருந்தது. அந்த ஒரு வரி அன்றிரவு எமக்குக் கிடைத்திருந்தால் நாம் உறங்கியிருப்போம். அதனைத் தருவதற்கு எம்மைப் பற்றி எவரும் எதையும் அறியவேண்டிய தேவை இருக்கவில்லை.